மூட்டுச்சாமியின் மஞ்சள் துணி

வள்ளியப்பன் செய்த தப்பு சின்னதுதான். மனைவி தேனம்மையின் இடது முழங்காலில் கட்ட வேண்டிய மஞ்சள் துணியை வலது முழங்காலில் கட்டிவிட்டார். எதிரே உட்கார்ந்து கட்டினால் இடம் வலம் மாறத்தானே செய்யும்! நாற்பது வருடம் ஜவுளிக்கடை நடத்தியவருக்குத் துணி தெரியும், கால் தெரியாது.

தேனம்மை பார்த்தார். புடவையை இழுத்து மூடிக்கொண்டார்.

இடம், கல்லல் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. கூட்டமான கூட்டம்! மூட்டு மாற்று ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கென்றே அவதரித்தவர் மூட்டுச்சாமி. "காலுக்குள்ள இரும்பை வச்சா சனி வந்து குடியேறாம என்ன செய்வான்?" அவருடைய மருத்துவப் படிப்பு மொத்தமும் இவ்வளவுதான். அவர் கொடுக்கும் துணியைக் கட்டிக்கொண்டு வந்தால் தீர்த்தம் தெளிப்பார். துணியில் சனி கறுப்பாக இறங்குவார். காரில் வந்தவர், வாக்கரில் வந்தவர் எல்லாருக்கும் இறங்கினார். சனிக்கு லீவே இல்லை.

தேனம்மைக்கு ஆபரேஷன் ஆகி மூன்று வாரம். நாலு நாளாகத் தையலில் நீர் கசிகிறது, மூட்டு சிவந்து கொதிக்கிறது, காய்ச்சல் வேறு. ஆஸ்பத்திரி என்றதும் வள்ளியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. முதல் ஆபரேஷனன்று தியேட்டர் வாசலில் மயங்கி விழுந்து பக்கத்துக் கட்டிலில் படுத்த வீரர் அவர். கடைசியில் ஒப்பந்தம்: ஒரு தரம் சாமி, அங்கிருந்து நேரே டாக்டர்.

சாமி வந்தார். தேனம்மை கட்டு தெரியுமளவு புடவையை விலக்கினார். சொம்பிலிருந்து தீர்த்தம் தெளித்ததும் துணி கறுத்தது.

"தேனு, இறங்கிட்டான்!" வள்ளியப்பன் குதித்தார்.

"இறங்கட்டும். சாமி, ஆபரேஷன் பண்ணுனது அந்தக் கால்ல இல்ல, இந்தக் கால்ல."

சாமி ஓரடி பின்னால் நகர்ந்தார். "சனி... தாவிட்டான் ஆச்சி!"

"அப்படியா? இன்னும் எங்குட்டெல்லாம் தாவியிருக்கான்னு பாப்போம்."

பக்கத்தில் வாக்கரோடு நின்ற மாரீஸ்வரியிடம் சாமி கொடுத்திருந்த புதுத் துணியை வாங்கிக் கணவரின் வழுக்கையில் விரித்தார். சொம்பைப் பிடுங்கிக் கவிழ்த்தார். துணி கறுத்தது. சொம்புக்குள் கிடந்த நாலு துருப்பிடித்த ஆணிகளும் டொக் டொக்கென்று மண்டையில் விழுந்தன.

"என்ன சாமி, இவுகளுக்கு மண்டையிலயும் மூட்டு மாத்தியிருக்கா?"

"மண்டையவே மாத்தணும் ஆச்சி!" என்றாள் மாரீஸ்வரி. தோப்பே சிரித்தது.

தேனம்மை துணியை முகர்ந்து பார்த்தார். "கடுக்காய்த் தண்ணியில நனைச்ச துணி, ஆணி ஊறுன எலுமிச்சைச் சாறு! நம்ம கண்டனூர் வீட்டுக்குச் சுண்ணாம்பு பூசுறப்ப, அதுல கலக்கக் கடுக்காய் ஊறப்போட்ட இரும்பு வாளி கறுத்துச்சே, அதுக்குள்ள எந்தச் சனி இறங்குனான்?"

சாமிக்கு மூட்டுகள் பிரமாதம். வேலி தாண்டிய வேகத்தில் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அகல்யா தோப்புக் கதையைக் கேட்டுக்கொண்டே மூட்டிலிருந்து ஊசியால் நீர் எடுத்துச் சோதித்தார்.

"கிருமி. உள்ளே வச்ச மூட்டு மேல ஒட்டிக்கிட்டா மருந்து மட்டும் பத்தாது. திறந்து கழுவி, நடுவுல இருக்கிற பிளாஸ்டிக்கை மாத்தணும். அப்புறம் வாரக்கணக்கில் மருந்து. ரொம்ப முத்தியிருந்தா வச்ச மூட்டையே கழற்ற வேண்டி வரும்."

நெற்றியில் கறுப்பு வழிய வள்ளியப்பன் கைகூப்பினார். நாலு நாளாக அவர் ஊரெல்லாம் கேட்ட கேள்விதான். "கால் பிழைச்சிருமா டாக்டரம்மா? சுத்தி வளைக்காமச் சொல்லுங்க."

"பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கு. சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன். நாலு நாள் முந்தி வந்திருந்தா இன்னும் நல்லது. அந்த நாலு நாளைத் தின்னது சனி இல்லை, நீங்க. இனிமே எவனாவது மந்திரத் துணி கொடுத்தா, முதல்ல அவன் தலையில கட்டிப் பாருங்க."