கெளம்பிட்டேன் அண்ணனும் எங்கள் வீட்டுக் கேட்டும்

ஒரு வீட்டுக்குள் வருவது பெரிய வித்தை இல்லை. செருப்பைக் கழற்றத் தெரிந்தால் போதும். வெளியே போவதுதான் வித்தை. ஜொகூர் மாநிலத்தில், ஏன், இந்தப் பூமியிலேயே அந்த வித்தையைக் கடைசிவரை கற்றுக்கொள்ளாத ஒரே மனிதர் யோங் பெங்கில் எங்கள் தாமான் குடியிருப்பில், எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருந்தார். அவரைக் கெளம்பிட்டேன் அண்ணன் என்றுதான் எல்லோரும் சொல்வோம். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அவர் மகள் கல்யாணப் பத்திரிகையில் அந்தப் பெயரைப் பார்த்த என் மனைவி கமலா, "யாருங்க இது? நமக்கு எதுக்குப் பத்திரிகை வச்சிருக்காங்க?" என்று கேட்டாள். பத்திரிகை வைத்தவர் அந்த நேரத்தில் எங்கள் கேட்டுக்கு வெளியே நின்று இன்னும் என்னோடு பேசிக்கொண்டிருந்தார்.

அண்ணன் வயர்மேன். ஃபேன் சுற்றவில்லை, சுவிட்சில் புகை வருகிறது என்றால் அவரைத்தான் கூப்பிடுவோம். தொழிலில் புலி. அவர் கை வைத்தால் கால் மணி நேரத்தில் ஃபேன் காற்றை வாரி இறைக்கும். அதற்குப் பிறகுதான் நமக்கு வேலை. அவரை வழியனுப்பி வைக்க வேண்டும்.

நாங்கள் இந்தத் தாமானுக்குப் புதிதாக வந்தபோது இந்த விவரம் எனக்குத் தெரியாது. ஃபேனை மாட்டி முடித்தவர் தொடையில் ஒரு தட்டுத் தட்டி, "சரி லா தம்பி, கெளம்பிட்டேன்" என்றார். நானும் அப்பாவியாக எழுந்து கூடவே வாசலுக்குப் போனேன். ஒரு காலில் செருப்பை மாட்டினார். மறு காலைத் தூக்கியவர் ஃபேனைத் திரும்பிப் பார்த்தார்.

"இதே மாதிரி ஃபேனு பெக்கோக்ல ஒரு வீட்டுல பார்த்தேன் தம்பி..."

அந்தக் கதையில் ஃபேன் வந்தது, அந்த வீட்டுக்காரர் வந்தார், அவருடைய மச்சான் வந்தார், மச்சானின் நாய் வந்தது. நாய் குட்டி போட்ட பிறகுதான் இரண்டாவது செருப்பு காலுக்குப் போனது. முடிந்தது என்று நினைத்தேன். கேட்டுக்குப் போனார். கேட்டின் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான், குட்டிகள் ஒவ்வொன்றும் எந்த வீட்டுக்குப் போனது என்று தொடங்கிவிட்டார். பிறகு மோட்டரில் ஏறினார், ஹெல்மெட் போட்டார், எஞ்சினை முடுக்கினார், அந்தச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசினார். "பெட்ரோல் வீணாவுது பாரு" என்று எஞ்சினை அணைத்துவிட்டு மறுபடியும் பேசினார். ஒருவழியாகச் சந்து முனை வரை போய், அங்கிருந்து திரும்பி வந்தார்.

"ஒண்ணு சொல்ல மறந்துட்டேன் தம்பி. வெயிலு ஜாஸ்தியா இருக்கு. தண்ணி நெறையக் குடிங்க."

அதன் பிறகு நாங்களும் தாமான் வழக்கத்துக்கு வந்துவிட்டோம். மத்தியானச் சோற்றுக்கு அவருக்கும் சேர்த்து அரிசி களைந்து போட்ட பிறகுதான் சுவிட்ச் கெட்டுப்போனதையே அவருக்குச் சொல்வோம். கேட் கம்பியில் அவர் பிடிக்கிற இடத்தில் பெயின்ட் உரிந்து இரும்பு பளபளவென்று தெரிந்தது.

ஒரு நாள் அவர் கேட்டில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. வேறு யாராக இருந்தாலும் "உள்ள வாங்கண்ணே" என்று கூப்பிட்டிருப்போம். இவரைக் கூப்பிட்டால் செருப்பைக் கழற்றுவார். மறுபடியும் முதல் செருப்பிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கமலா யோசித்தாள். உள்ளே போய்க் குடையை எடுத்து வந்து, கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே அவர் தலைக்கு மேல் பிடித்தாள். அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இப்படி ஒரு தங்கச்சி யாருக்கு லா கெடைக்கும்!" என்றவர், அந்தச் சந்தோஷத்தில் இன்னும் ஒரு கதை சொன்னார். கமலாவுக்குக் கை வலிக்கு அன்று தைலம் தேய்க்க வேண்டியிருந்தது.

வயர் வாங்கும் ஹார்ட்வேர் கடை முதலாளி, சீனத் தவுக்கேயும் தப்பவில்லை. சாயங்காலம் கடை அடைக்கும் நேரத்தில் அண்ணன் வாசலில் நின்று பேசுவார். தவுக்கே ஷட்டரை இறக்குவார். ஷட்டர் இடுப்புவரை வந்தால் அண்ணன் குனிந்து பேசுவார். முழங்கால்வரை வந்தால் குந்திக்கொள்வார். தரையைத் தொட்டுவிட்டால் ஷட்டர் இடுக்கில் வாயை வைத்து, "எசோக் சாயா டாத்தாங் லாகி, தவுக்கே!" என்று நாளைக்கும் வரப்போவதாக மலாயில் மிரட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

இப்படிப்பட்ட மனிதர் ஒரே ஒரு வீட்டிலிருந்து மட்டும் சத்தமே இல்லாமல் வெளியே போவார். அது அவருடைய சொந்த வீடு. இது அவர் மனைவி தேவி அண்ணிக்குத் தீராத குறை. "ஊருக்கெல்லாம் மணிக்கணக்கா சொல்லிக்கிறாரு கமலா. எங்கிட்ட 'வரேன்'னு ஒரு வார்த்தை? மோட்டர் சத்தம் கேட்டாத்தான் மனுசன் வீட்டுல இல்லைன்னே எனக்குத் தெரியும்" என்று எங்கள் வீட்டில் வந்து புலம்புவார். பக்கத்தில் உட்கார்ந்து எங்கள் முறுக்கைக் கடித்துக்கொண்டிருக்கும் அண்ணன் சிரிப்பாரே தவிர, பதில் சொல்ல மாட்டார்.

ஆனால் அவர் மகள் பவானிக்குக் கல்யாணம் கூடி வந்ததே இந்தக் குணத்தால்தான். கோத்தா திங்கியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். கேசரி சாப்பிட்டார்கள். பையனின் அம்மா, "வீட்டுக்குப் போயி கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்று எழுந்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று கேசரி பரிமாறிய கமலாவுக்கே புரிந்துவிட்டது. வெளியே அடைமழை. அண்ணி கண்ணைக் காட்டியும் கேட்காமல், அண்ணன் கார் கதவைப் பிடித்துக்கொண்டார். பெக்கோக் நாயிலிருந்து ஆரம்பித்தார். நாய் குட்டி போடுவதற்குள் பையனின் அப்பாவுக்குப் போன் வந்தது. கோத்தா திங்கியில் தண்ணீர் ஏறிவிட்டது, சாலையை மூடிவிட்டார்கள்.

"அலமாக்!" என்றார் பையனின் அப்பா. எல்லோரும் திரும்பி வந்து செருப்பைக் கழற்றினார்கள்.

தண்ணீர் வடியும்வரை சம்பந்தி வீட்டார் அங்கேதான் இருந்தார்கள். பையனின் அம்மா, அண்ணியின் பாத்தேக் சாரோங்கைக் கட்டிக்கொண்டு வெங்காயம் உரித்தார். பவானி வைத்த மீன் குழம்பை இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாலை திறந்தபோது கலந்து பேச எதுவும் பாக்கி இல்லை. "நான் மட்டும் சட்டுனு விட்டிருந்தேன்னா இந்தச் சம்பந்தம் தண்ணியோட போயிருக்கும் லா" என்று அண்ணன் அதன் பிறகு எல்லோர் வீட்டுக் கேட்டிலும் நின்று சொன்னார்.

கல்யாணத்தன்று மகளை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் நேரம் வந்தது. அண்ணன் அழவில்லை. கார் ஜன்னலுக்குள் தலையை விட்டுப் பேசினார். பிறகு தோள் போனது. "முனை வரைக்கும் வரேன் மாப்ள" என்று கதவைத் திறந்து பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டார். கார் முனையில் நிற்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என் போன் அடித்தது.

"தம்பி, நான் ஆயர் ஈத்தாம்ல இருக்கேன். கோவிச்சுக்காம வந்து என்னை ஏத்திக்கிட்டுப் போறீங்களா?"

நான் போய்ச் சேர்ந்தபோது, பட்டு வேட்டியும் கழுத்தில் மாலையுமாகச் சாலையோர மண்பாண்டக் கடையில் நின்றார். கையில் ஒரு பூந்தொட்டி. கடைக்கார மலாய் அம்மாவிடம் விடைபெற்றுக்கொண்டிருந்தார். "இந்தம்மா விடமாட்டேங்குறாங்க தம்பி" என்றார். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஊர் வந்து சேரும்வரை பெரும்பாலும் மகளைப் பற்றியே பேசினார். எங்கள் வீட்டுக் கேட்டில் நிறுத்தி இன்னும் கொஞ்சம் பேசினார்.

போன மாதம் ஒரு காலை அண்ணன் இறந்துபோனார். அண்ணி அடுப்படியில் தோசை சுட்டுக்கொண்டிருந்தாராம். "இன்னொண்ணு வைக்கவா?" என்று கேட்டிருக்கிறார். எதைக் கேட்டாலும் ஒரு கதையே பதிலாக வருகிற வீடு அது. ஒன்றும் வராததால் வந்து பார்த்திருக்கிறார். பாதி தேத்தண்ணி குடித்த நிலையில் அண்ணன் நாற்காலியில் சாய்ந்திருந்தார். மாரடைப்பு என்றார் டாக்டர். தாமான் வாட்ஸ்அப் குழுவில் அவருடைய முழுப் பெயரோடு செய்தி வந்தது. "யாரு இது?" என்று சிலர் கேட்டார்கள். "நம்ம கெளம்பிட்டேன் அண்ணன்" என்று ஒருவர் எழுதினார்.

சாவு வீட்டில் அண்ணி ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லி அழுதார். "ஷட்டருக்குள்ள வாய வச்சு எல்லாம் சொல்லிட்டு வந்த மனுசன், எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டாரே! நான் அவ்ளோ கேவலமா?" பவானி அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணி சொல்வது நியாயம்தானே என்று எனக்குத் தோன்றியது.

தகனம் முடிந்து குளித்துவிட்டு அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்து விளக்கைப் பார்த்தோம். காரியம் செய்துவைத்த பெரியவர் எல்லோருக்கும் கேட்கும்படி ஞாபகப்படுத்தினார்: "போயிட்டு வரேன்னு யாரும் சொல்லிக்கக் கூடாது. அப்படியே எந்திரிச்சுப் போயிடணும்."

நம் வழக்கம் அதுதான். சாவு வீட்டில் விடைபெறக் கூடாது. ஆனால் எந்த வீட்டில் எந்தச் சட்டம் பாருங்கள்! நாங்கள் வாயை மூடிக்கொண்டு எழுந்தோம். வாயை மூடிக்கொண்டு வாசலுக்கு வந்தோம். எதிர்வீட்டு ரத்னம் ஒரு காலில் செருப்பை மாட்டினார். மறு செருப்பைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"எங்க வீட்டுல வாட்டர் ஹீட்டர் மாட்ட வந்தாரு பாருங்க..." என்றார் மெதுவாக.

அந்தக் கதை முடிய நாங்கள் கேட்டுக்கு வந்திருந்தோம். அங்கே ஹார்ட்வேர் தவுக்கே நின்றார். ஷட்டர் எப்படி இறங்கும், அண்ணன் எப்படிக் குனிவார் என்று மலாயில் சொல்லிக்கொண்டே வெள்ளைச் சட்டையோடு தார் ரோட்டில் குந்திக் காட்டினார். குந்தியவரால் எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு பேர் தூக்கிவிட்டோம். சிரிப்பை அடக்க ரத்னம் மூக்கைப் பொத்தினார். அது வேறு வழியாக, எருமை கனைத்த மாதிரி வெளியே வந்தது. அதற்கு மேல் யாராலும் முடியவில்லை. சாவு வீட்டு வாசலில் பத்துப் பதினைந்து பேர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

வீட்டுக் கதவு திறந்தது. அண்ணி. நாங்கள் கல்லாகிவிட்டோம்.

"என்ன சிரிப்பு?"

கமலா என் கையைக் கிள்ளினாள். "அண்ணனப் பத்தித்தான் அண்ணி" என்றேன்.

"எனக்கும் சொல்லுங்க. எங்கிட்டத்தான் ஒண்ணுமே சொல்லாம போயிட்டாரே."

அப்போதுதான் எனக்கு அந்தக் கார்ப் பயணம் ஞாபகம் வந்தது. சொன்னேன்: "ஆயர் ஈத்தாம்ல இருந்து ஏத்திக்கிட்டு வந்தேன்ல அண்ணி, அன்னிக்கு நானே கேட்டேன். 'ஏண்ணே, ஊருக்கெல்லாம் சொல்லிக்கிறீங்க, அண்ணிகிட்ட மட்டும் சொல்லாம போறீங்களே'ன்னு. பூந்தொட்டியக் கட்டிப் புடிச்சுக்கிட்டு, கிறுக்கனப் பார்க்குற மாதிரி என்னைப் பார்த்தாரு. 'கெளம்புறதெல்லாம் மத்தவங்க வீட்டுல இருந்து லா தம்பி. அவகிட்ட இருந்து நான் எங்க கெளம்புறேன்? வெளிய ஒரு வேலைய முடிச்சுட்டு உள்ள வரேன், அவ்ளோதானே'ன்னாரு."

அண்ணி படியிறங்கி வந்தார். கேட்டுக்குப் பக்கத்திலிருந்த அந்தப் பூந்தொட்டியைப் பார்த்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார்.

"இதப் பூந்தொட்டிகிட்ட சொல்ல வாய் வந்துச்சு, எங்கிட்ட சொல்ல வரலையா அந்த மனுசனுக்கு!"

சிரித்தார். சிரிப்பு அழுகையாகி, அழுகை மறுபடி சிரிப்பானது. பவானி ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தன் வீட்டுக் கேட் கம்பியை ஒரு கையால் பிடித்தார். "இது என்ன பெரிய கதை? எங்க கல்யாணம் முடிஞ்சு மறுவீட்டுக்குப் போனப்ப என்ன பண்ணாரு தெரியுமா?" என்றார். சட்டம் சொன்ன பெரியவர் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தார். ஒரு செருப்பை மாட்டினார். அவரும் நின்றுவிட்டார்.

வெயில் இறங்கும்வரை அந்தக் கேட்டிலிருந்து யாரும் நகரவில்லை. பவானி தே கலக்கிக்கொண்டு வந்தாள். பிறகு ஒவ்வொருவராக, வழக்கப்படி, ஒரு வார்த்தையும் சொல்லாமல் கலைந்தோம்.

எங்கள் வீட்டுக்கு வந்து கேட்டைத் திறக்கக் கை வைத்தேன். பெயின்ட் உரிந்த அந்தக் கம்பி. வெயில் போன பிறகும் வெதுவெதுப்பாக இருந்தது. பிடித்துக்கொண்டே நின்றேன். முன்னால் போன கமலா வாசலில் திரும்பிப் பார்த்தாள்.

"உள்ள வரலையா?"

"இரு கமலா. மனுசன் இன்னும் கெளம்பல."