விலைவாசிப் பேயை ஓட்டிய கனகவர்த்தன சாமி

எண்பத்தொன்றாம் ஆண்டில் கோலசிலாங்கூர் வட்டாரத்துக்கு ஒரு புதுப் பேய் வந்து சேர்ந்தது. மோகினி, காட்டேரி, முனி எல்லாம் அதற்கு முன்னால் கைகட்டி நிற்க வேண்டும். அதன் பெயர் விலைவாசிப் பேய். பேப்பர்க்காரர்கள் அதற்குப் பணவீக்கம் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒன்பதாங்கட்டைத் தோட்டத்தில் அந்த வார்த்தை யார் வாயிலும் நுழையவில்லை. ஆனால் போன வருஷம் எண்பது காசுக்கு வாங்கிய பால் டின் இந்த வருஷம் ஒரு வெள்ளி, அதாவது முழுசாக நூறு காசு, என்பது எல்லாருக்கும் நன்றாகவே நுழைந்தது.

பேய் வந்தால் பேயோட்டி வரவேண்டாமா? வந்தார் கனகவர்த்தன சாமி. இமயமலையிலிருந்து நேரே வந்ததாகச் சொன்னார்கள். வந்து இறங்கியது என்னவோ சுங்கை பெசார் பஸ்ஸில். கையில் ஒரு தோல் பை, கழுத்தில் மூன்று வடம் உருத்திராட்சம். தோட்டத்துக் கோயிலுக்குப் பின்னால் காலியாகக் கிடந்த தொழிலாளர் லயத்து வீட்டில் குடியேறினார். இரண்டே வாரத்தில் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து லோரி பிடித்து ஜனங்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை பூசைக்கு இடம் பிடிக்கக் காலையிலேயே துண்டு போட்டு வைத்தார்கள்.

"மக்களே! பேங்கில் போட்ட டுயிட், உங்கள் காசு, பத்திரமாக இருக்கிறது என்றா நினைக்கிறீர்கள்?" என்று சாமி கேட்பார். "புத்தகத்தில் எண் அப்படியே இருக்கும். சாரத்தைப் பேய் உறிஞ்சியிருக்கும். போன வருஷம் பத்து வெள்ளிக்கு வாங்கியதை இந்த வருஷம் பத்து வெள்ளிக்கு வாங்கிக் காட்டுங்கள் பார்க்கலாம்!"

கூட்டம் 'உச்' கொட்டும். இதில் சங்கடம் என்னவென்றால், சாமி சொன்னதில் பாதி உண்மை. முழுப் பொய்யாக இருந்திருந்தால், கூட்டத்தில் உட்கார்ந்திருந்த அம்சவள்ளி அங்கேயே சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்திருப்பாள்.

பரிகாரமும் சாமியிடம் இருந்தது. பணத்தை நோட்டாகப் பித்தளைச் செம்பில் போட வேண்டும். சாமி மந்திரம் சொல்லி, மஞ்சள் துணியால் வாயைக் கட்டி, அரக்கு வைத்து முத்திரை குத்துவார். நாற்பத்தெட்டு நாள் பூசையில் இருந்தால் பேய் ஓடிவிடும், பணம் உள்ளேயே இரண்டு மடங்காகும். தட்சணை ஐந்து வெள்ளி. நடுவில் திறந்தால் அத்தனையும் நாசம்.

தோட்டத்து மளிகைக்கடைக்காரர் சீனி முகம்மதுவுக்கு அந்த மாதம் செம்பு விற்றே கை வலித்தது. ஆறு வெள்ளிச் செம்பு பன்னிரண்டு வெள்ளிக்குப் போனது. சாமி வந்ததற்குப் பிறகு அந்தத் தோட்டத்தில் உண்மையாகவே இரண்டு மடங்கானது அது ஒன்றுதான்.

அம்சவள்ளி இருபத்திரண்டு வருஷமாக ரப்பர்ப் பால்மரம் வெட்டிப் பால் எடுக்கிறவள். அவள் பெயரில் தபால்நிலையச் சேமிப்பில் ஆயிரத்து எண்ணூறு வெள்ளி இருந்தது. அது வீட்டுப் பணம். தோட்டத்தை விற்றாகிவிட்டது, வாங்கியவர்கள் ரப்பரை அழித்துச் செம்பனை என்ற எண்ணெய்ப் பனை போடப் போகிறார்கள், லயத்தைக் காலி செய்ய வேண்டும் என்று தோட்டத்துத் துரை சொல்லிவிட்டார். கோலசிலாங்கூரில் கட்டிக்கொண்டிருந்த மலிவு வீட்டில் ஒன்றுக்கு இவர்கள் பெயர் வந்திருந்தது. நாலு மாதத்தில் முன்பணம் ஆயிரத்து எண்ணூறு கட்ட வேண்டும். கட்டாவிட்டால் அடுத்த பெயரைக் கூப்பிடுவார்கள். அப்புறம் சாமான் சட்டியோடு ரோட்டில்தான் நிற்க வேண்டும்.

"நாலு மாசத்துல வீடு கட்டுறவன் வெலைய ஏத்திட்டா என்னா பண்ணுவே?" என்று அவள் புருஷன் சன்னாசி தினமும் பிடுங்கினான். பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் லோரிக்குப் பழக்குலை ஏற்றுகிற நல்ல மனுஷன். யார் எதைச் சொன்னாலும் நம்புவான், பெண்டாட்டி சொல்வதைத் தவிர. "பக்கத்து லயத்துத் தாயம்மா அம்பது போட்டா. ஒரே வாரத்துல சாமியே தொறந்து நூறு எடுத்துக் குடுத்தாரு. நம்ம கண்ணால பாத்தோம்லா!"

பார்த்தது உண்மைதான். அந்த ஐம்பது யார் செம்பிலிருந்து வந்தது என்பதைத்தான் யாரும் பார்க்கவில்லை.

ஒருநாள் வேலை முடிந்து இருவரும் டவுனுக்குப் பணம் எடுக்கப் போனார்கள். தபால்நிலையக் கவுண்டரில் ஜெனவீவ் என்ற பெண். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற டிரஸ்ஸரின் மகள். அந்த வாரம் இதே கதையை அவள் பதினாலு தடவை கேட்டுவிட்டாள்.

"எல்லாத்தையும் எடுக்கறீங்களா அக்கா? செம்புக்கா?"

"ஆமா தங்கச்சி" என்றாள் அம்சவள்ளி. சொல்லும்போதே அவளுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

"எவ்வளவு வட்டி, எப்ப திருப்பிக் குடுப்பாருன்னு சாமி எழுதிக் குடுத்தாரா?"

"சாமி எழுதுவாராமா?" என்று சன்னாசி குறுக்கே விழுந்தான்.

ஜெனவீவ் ஒரு தாளை எடுத்து வைத்தாள். "இதுல எழுதியிருக்கு. சேமிப்புப் பத்திரம். நூத்துக்கு வருஷம் ஏழு வெள்ளி. அரசாங்கம் பொறுப்பு. நடுவுல அவசரம்னா முறிச்சுக்கலாம், வட்டிதான் கொறையும்."

"ஏழு வெள்ளியா? ஒரு நல்ல கோழி வாங்க முடியுமாலா?" என்றான் சன்னாசி.

"வெல அதுக்கு மேல ஏறுதே தங்கச்சி" என்றாள் அம்சவள்ளி.

"ஏறுது அக்கா. பொய் சொல்ல மாட்டேன். இது வெலவாசிய ஜெயிக்காது. ஆனா வீடு கட்டுறவன் கேக்குற அன்னிக்கி நீங்க வந்து நின்னா, பணம் இங்க இருக்கும். முன்பணத்துக்கு அதுதான வேணும்?"

இவ்வளவு சப்பையாக ஒருத்தி உண்மை பேசினால் யாருக்குப் பிடிக்கும்? சன்னாசிக்குப் பிடிக்கவில்லை. கவுண்டர் முன்னாலேயே ஒரு சின்ன யுத்தம் நடந்தது. வரிசையில் நின்றவர்கள் ரசித்தார்கள். கடைசியில் பாதி பத்திரம், பாதி செம்பு என்று ஒப்பந்தம். தொள்ளாயிரம் அரசாங்கத்திடம் போனது, தொள்ளாயிரம் கனகவர்த்தனரிடம் போனது. தொண்ணூறு பத்து வெள்ளி நோட்டுகளைச் செம்பில் திணிப்பதற்குள் சாமிக்குக் கட்டைவிரல் வீங்கிவிட்டது.

நாற்பத்தெட்டு நாளும் கழிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் நிறுவை விழா. ஆமாம், நிறுவை. சாமி கெட்டிக்காரர். தோட்டத்து ஜனங்களுக்குச் சாமியைவிடத் தராசின் மேல் பக்தி அதிகம் என்று கண்டுபிடித்து வைத்திருந்தார். தினமும் பால் வாளியைத் தராசில் தொங்கவிட்டு, முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துப் பார்த்தே சம்பளம் வாங்கினவர்கள். கனத்தால் காசு, கனக்காவிட்டால் திட்டு. அதனால் சீனி முகம்மது கடையின் வட்டத் தராசை வரவழைத்து, மூடிய அன்றே ஒவ்வொரு செம்பையும் நிறுத்து, எடையை மஞ்சள் சீட்டில் எழுதி ஒட்டியிருந்தார். இன்று மறுபடி நிறுத்தார்.

எல்லாச் செம்பும் கனத்திருந்தது!

"முந்நூறு கிராம் ஏறியிருக்கு!" "எனக்கு முந்நூத்தம்பது!" பெரட்டுக்களமே ஆடியது. ஒருத்தர் மணி அடித்தார். ஒருத்தி குலவை போட்டாள். அம்சவள்ளியின் செம்பு நானூறு கிராம் ஏறியிருந்தது. சன்னாசி அழுதேவிட்டான்.

"இப்போது திறக்க வேண்டாம்" என்றார் சாமி. "இன்னொரு நாற்பத்தெட்டு நாள் இருக்கட்டும். நாலு மடங்காகும். தட்சணை ஐந்து வெள்ளி."

வரிசை மறுபடி கட்டினார்கள். அம்சவள்ளியும் செம்பை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றாள். கனமாகத்தான் இருந்தது. அந்தக் கனம்தான் அவளை உறுத்தியது. இந்த உறுத்தல் அவளுக்குப் பழக்கமானது. போன மாதம் அவளே வாளியில் இரண்டு மங்கு வாய்க்கால் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போய் நின்றபோது, முள் மேலே ஏற ஏற இதே மாதிரிதான் உறுத்தியது. பால் கணக்கு எழுதுகிற கிராணி சிரித்துக்கொண்டே ஓர் அகப்பை பாலைச் சாம்பிளாக அள்ளினார். ஆசிட் ஊற்றிக் கட்டியாக்கி, காயவைத்து, நிஜ ரப்பர் எவ்வளவு என்று நிறுத்து, அரை நாள் சம்பளத்தைக் கழித்தார்.

அவள் முறை வந்தது.

"சாமி, சாம்பிள் எடுக்கணும்."

"என்ன சாம்பிள், மகளே?"

"பால் வாளி கனத்தா கிராணி எங்கள நம்புறாரா? அள்ளிப் பாக்குறாருல்ல? ஏன்னா நாங்க தண்ணி ஊத்துவோம்னு அவருக்குத் தெரியும்." கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். "ஊத்துனதில்லன்னு யாராச்சும் சொல்லுங்க, பாப்போம்."

அத்தனை பேரும் அவரவர் கால் விரலைப் பார்த்தார்கள்.

அம்சவள்ளி சன்னாசியின் சட்டைப் பையில் கைவிட்டு ஒரு பத்து வெள்ளி நோட்டை எடுத்துத் தராசில் வைத்தாள். முள் அசையவில்லை. இன்னொன்றை வைத்தாள். அதற்கும் அசையவில்லை. வரிசையில் நின்றவர்களிடம் ஆளுக்கொரு நோட்டாக வாங்கி இருபது நோட்டை அடுக்கினாள். முள் ஒரு மயிரிழை நகர்ந்தது.

"இருபது நோட்டுக்கு இருபது கிராம்கூட வரல. எஞ்செம்பு நானூறு கிராம் ஏறியிருக்கு. நானூறு நோட்டாச்சும் புதுசா வந்திருக்கணும். இருந்த தொண்ணூறத் திணிக்கவே சாமிக்கு வெரல் வீங்கிப்போச்சி. இந்த வாய்க்குள்ள நானூறு நொழையுமாலா?"

"தெய்வ நோட்டு கனமாக இருக்கும்" என்றார் சாமி.

"கனமான நோட்டு குடுத்தா எங்கடையில நான் வாங்க மாட்டேன் சாமி" என்றார் சீனி முகம்மது. செம்பெல்லாம் விற்றுத் தீர்ந்துவிட்டதால் அவருக்கும் அன்றைக்குக் கொஞ்சம் அறிவு வந்திருந்தது.

அம்சவள்ளி அரக்கில் நகத்தை வைத்தாள்.

"வேணாம் அம்சா! வீட்டுப் பணம்டீ!" சன்னாசி கையைப் பிடித்துக்கொண்டான். "தொறந்தா எல்லாம் போயிரும்னு சொல்றாருல்ல!"

அவளுக்கும் பயம்தான். ஒருவேளை சாமி சொன்னது நிஜமாக இருந்து, இந்த நகத்தாலேயே வீடு போய்விட்டால்? இந்த மனுஷன் சாகிறவரைக்கும் சொல்லிக் காட்டுவானே!

"போனா போகட்டும்ங்க. தொறக்கப் பயப்படுற பணம் நம்ம பணமா?"

அரக்கு உடைந்தது. துணியை இழுத்துவிட்டுச் செம்பைக் கவிழ்த்தாள். ஆற்று மணல் கொட்டியது. ஈரம்கூடக் காயவில்லை. மணலோடு ஒரு சிப்பி ஓடு விழுந்தது. அடியிலிருந்து மடித்த பேப்பர் கட்டு ஒன்று விழுந்தது.

முதலில் சுதாரித்துக்கொண்டவர் சாமிதான்.

"பார்த்தீர்களா! திறந்ததும் மண்ணாகிவிட்டது!"

"ஐயோ பாவி, அவசரப்பட்டுட்டியேடி!" என்று தாயம்மா தலையில் அடித்துக்கொண்டாள். கூட்டத்தில் பாதிப்பேர் தங்கள் செம்பை இன்னும் இறுக்கிக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். பாருங்கள் இந்த அழகை! மணல் கண்ணெதிரே கிடக்கிறது. அதையும் அற்புதக் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

அம்சவள்ளி அந்தப் பேப்பரைப் பிரித்துச் சீனி முகம்மதுவிடம் நீட்டினாள். "நானா, தேதி என்னா போட்டிருக்கு?"

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். "போன செவ்வாக்கெழம."

"செம்பு மூடி நாப்பத்தெட்டு நாளாச்சி. போன செவ்வாக்கெழம பேப்பர் எப்படி உள்ள போச்சி? பேய் பேப்பர் வாங்கிப் படிக்குதா?"

யாரோ ஒருத்தர் 'களுக்' என்று சிரித்தார். அவ்வளவுதான். அப்புறம் டப் டப்பென்று அரக்கு உடைகிற சத்தம். நாற்பது செம்பிலிருந்து கொட்டிய மணலில் ஒரு சின்ன வீடே கட்டலாம். சாமி தியானத்துக்கு நேரமாகிவிட்டது என்று தோல் பையோடு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து வேகமாகத் தியானிக்கப் போனார். சன்னாசி ஓடிப் பிடித்தான். அவனுக்கு வந்த கோபத்துக்கு அடி விழுந்திருக்கும். அம்சவள்ளிதான் நடுவில் வந்து பையை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

பைக்குள் இரண்டு வேட்டியும் ஒரு தகர டப்பாவும் இருந்தன. டப்பாவுக்குள் பணம் இல்லை. கட்டுக் கட்டாகத் தாள்கள் இருந்தன. சீனி முகம்மது ஒன்றை எடுத்துப் படித்தார். மறுபடி படித்தார். பிறகு தலையில் கைவைத்துக்கொண்டார்.

"சேமிப்புப் பத்திரம்! அரசாங்கம் பொறுப்பு. நம்ம சாமியோட நெஜப் பேரு மாசிலாமணியாம். எல்லாம் சேத்து ஒம்பதாயிரத்துக்கு மேல இருக்கு. சுங்கை பெசார்ல வாங்கியிருக்கான்!"

தாயம்மாதான் கேட்டாள். "ஏன் சாமி, அங்க போட்டா பேய் திங்கும்னு எங்ககிட்ட சொல்லிட்டு, நீங்க ஏன் அங்க கொண்டு போய்ப் போட்டீங்க?"

கனகவர்த்தனர் தலையைக் குனிந்தார். இமயமலைத் தமிழ் எங்கேயோ போய்விட்டது. "எங்க வைக்கிறது தாயி? பயமா இருக்குல்ல. இந்தக் காலத்துல யாரத்தான் நம்புறது, சொல்லுங்க?"

போலீஸ் வந்தது. கொஞ்ச நாளில் அதிகாரி பக்கத்தில் நிற்க, மாசிலாமணி கையெழுத்துப் போட்டுப் பத்திரங்களை முறித்தார். நடுவில் முறித்ததால் வட்டி குறைந்துவிட்டதே என்று அவர் நிஜமாகவே வருத்தப்பட்டாராம். அவர் சாப்பிட்டுத் தீர்த்தது போக மிச்சம் எல்லாருக்கும் வந்தது. அம்சவள்ளிக்குத் தொள்ளாயிரத்தில் நாற்பது குறைந்தது. அந்த நாற்பதுக்காகச் சன்னாசி ஒரு மாதம் கள்ளுக்கடைப் பக்கம் போகவில்லை. முன்பணத்தை நாள் தவறாமல் கட்டினார்கள். வீட்டுச் சாவியை வாங்கியபோது அம்சவள்ளி அந்த அலுவலகத்திலேயே உட்கார்ந்து அழுதாள்.

இப்போது ஜெனவீவின் கவுண்டரில் நல்ல கூட்டம். முதல் ஆளாகத் தாயம்மா நின்றாள்.

"சாமியே போட்டிருக்காருன்னா அந்தப் பத்திரத்துல ஏதோ சக்தி இருக்குலா, தங்கச்சி?"

"சக்தியெல்லாம் இல்ல அக்கா. ஏழு வெள்ளி இருக்கு."

தாயம்மாவுக்கு அது திருப்தியாக இல்லை. பத்திரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் வாங்கிப் போனாள். நம்மை ஒரே நாளில் திருத்த முடியுமா? ஒன்றையாவது செய்யுங்கள். அடுத்த பஸ்ஸில் யாராவது வந்து இறங்கி, உங்கள் பணத்தைப் பெருக்கித் தருகிறேன் என்று கையை நீட்டினால், காலில் விழுவதற்கு முன்னால் நிமிர்ந்து நின்று கேளுங்கள்: "சாமி, உங்க பணத்த எங்க வச்சிருக்கீங்க?"