‘எப்போதும்’ என்ற கட்டம்

உலகத்தில் பொறுப்புணர்ச்சி இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதற்குக் கண்கண்ட சாட்சி எங்கள் குடிநீர் இணைப்பு அலுவலகம். அங்கேயே வேலை பார்க்கும் நான் இதைச் சொல்லக் கூடாதுதான். ஆனால் வேறு யாரும் சொல்வதாகத் தெரியவில்லை.

மூன்றாம் மாடியில் குடியிருக்கும் தையல்காரம்மா வீட்டுக்குக் குழாய் கேட்டிருந்தார். வீட்டு வரைபடம் கணினிக்கு வந்து சேர்ந்தது. திறந்தேன். பாட்டுக் கேட்கும் செயலி எழுந்து வந்து, ‘இந்தப் பாடலை இசைக்க முடியவில்லை’ என்று வருத்தம் தெரிவித்தது. யாரோ புண்ணியவான், வரைபடங்களை எல்லாம் பாட்டுச் செயலிக்குத் தாரை வார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

இதைச் சரிசெய்வது பெரிய வித்தை இல்லை. எந்தச் செயலியில் திறக்கட்டும் என்று கணினியே கேட்கும். படம் பார்க்கும் செயலியைக் காட்டி, கீழே ‘எப்போதும்’ என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டால் தீர்ந்தது. என் கை மவுஸ் வரைக்கும் போய்விட்டது. நல்லவேளை, மேலாளர் பார்த்துவிட்டார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘நிதானம்’.

“கைய எடுப்பா. எப்போதும்னா, நான் ரிட்டயர் ஆன பிறகும் அதுலதானே திறக்கும்?”

“ஆமா சார்.”

“நாளைக்கு யாராவது கேட்டா யாரு பதில் சொல்றது?”

“என்ன சார் கேப்பாங்க?”

“அது தெரிஞ்சா நான் ஏம்ப்பா பயப்படறேன்?”

கூட்டம் கூடியது. பிஸ்கட் வந்தது. பாட்டுச் செயலிக்கு வரைபடம் பார்க்கத் தெரியாது என்பது ஏகமனதாக ஏற்கப்பட்டது. அதன் தரப்பையும் கேட்டிருக்கலாம் என்று கணக்காளர் மட்டும் முணுமுணுத்தார். முடிவில், ‘எப்போதும்’ வேண்டாம், ‘இந்த ஒருமுறை மட்டும்’ போதும், அதற்கும் ஒவ்வொரு தடவையும் நிதானம் எழுத்து மூலம் அனுமதி தர வேண்டும் என்று தீர்மானித்தோம்.

அனுமதி வாங்கி வரைபடத்தைத் திறப்பேன். அதைப் பார்த்து ஒப்புதல் தர வேண்டிய பொறியாளர் அலுவலக மாடியிலிருந்து இறங்கி வருவதற்குள், மின்சாரச் சிக்கனம் கருதி நிதானம் கணினியை அணைத்திருப்பார். மறுபடி அனுமதி. மறுபடி பொறியாளர். தையல்காரம்மா வந்து பெஞ்சில் உட்கார்ந்து, பாட்டுச் செயலி, ‘எப்போதும்’ டிக் என்று நாங்கள் சொல்லும் காரணங்களைக் கேட்டுவிட்டுப் போவார்.

ஒருநாள் உள்ளேயே வந்துவிட்டார்.

“சார், மூணு மாடிக்கும் குடம் தூக்கித் தூக்கி கை நடுங்குது. ஊசியில நூல் கோக்க முடியல. தைக்க வந்த துணியெல்லாம் திருப்பிக் குடுத்துட்டேன்.”

நிதானத்துக்கே கண் கலங்கிவிட்டது.

“உங்க கஷ்டம் புரியுதும்மா. நாளைக்கு வாங்க.”

தையல்காரம்மா நகரவில்லை.

“வரைபடத்தத் தொட்டா பாட்டு திறக்குதுன்னு சொன்னீங்க, சரி. இந்தக் கதவத் தள்ளிக்கிட்டு யாரு வந்தாலும் ‘நாளைக்கு வாங்க’தான் சார் திறக்குது. அதுக்கு மட்டும் எப்போதும்னு டிக் போட்டது யாரு?”

மிக ஆழமான கேள்வி. இதை விசாரிக்கக் கூட்டம் போட்டிருக்கிறோம். முடிவு தெரிந்துகொள்ள, தையல்காரம்மாவை நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறோம்.