மைக்செட் காரும் கவர்னரின் நாயும்

பொய் சொல்லி ஒரு காரை விற்றேன். நாக்கு தவறிவிட்டது, அவர் தப்பாகப் புரிந்துகொண்டார் என்றெல்லாம் இந்த வயதில் நான் ஜோடிக்கப் போவதில்லை. நல்ல வெளிச்சத்தில், கையில் காபி டம்ளரோடு, முழு நினைவோடு சொன்னேன். அதிலும் முக்கியமான பகுதியைப் பிரெஞ்சில் சொன்னேன். (தமிழில் சொன்னால் எங்கள் புதுச்சேரிக்காரர்கள் குறுக்குக் கேள்வி கேட்பார்கள். பிரெஞ்சில் சொன்னால் பாதிப் பேர் தலையாட்டிவிடுவார்கள். காலமெல்லாம் பிரெஞ்சு வாத்தியாராக இருந்தவனுக்கு இது தெரியாதா?)

கார் என் மாமனாருடையது. உருண்டை முதுகும் தவளைக்கண் விளக்குமாக, பிரெஞ்சுக்காரர்கள் ஊரை விட்டுப் போகும்போது விட்டுப்போன வண்டி. மாமனார் அதை ஏலத்தில் எடுத்து, கூரையில் இரண்டு குழாய் ஒலிபெருக்கிகளைப் பூட்டி மைக்செட் வண்டி ஆக்கினார். தேர்தல், புதுப்படம், துணிக்கடைத் தள்ளுபடி, தீமிதித் திருவிழா, காணாமல்போன மாடு என எதுவானாலும் அந்தக் கார்தான் ஊருக்குச் சொல்லும். அந்தக் காலத்தில் மைக்செட் மாணிக்கம் என்றால் தெரியாதவர் கிடையாது. அவர் காலத்துக்குப் பிறகு கார் சாரம் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக் கொட்டகைக்கு வந்து, படுதாவுக்கு அடியில் தூங்கியது. குழாய்கள் பரணுக்குப் போயின. அவை இருந்த இடத்தில் கூரையில் இரண்டு ஓட்டைகள் மிஞ்சின.

காரைக் கேட்டு வந்தவர் சேகர். ரெட்டியார்பாளையத்து மில் தொழிலாளியின் மகன். ஓட்டலில் பெட்டி தூக்கி, வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, படிப்படியாக முன்னேறி, பழைய நகரத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து விருந்தினர் விடுதி தொடங்கியிருந்தார். விடுதி வாசலில் நிறுத்தப் பழைய கார் ஒன்று வேண்டும் என்றார்.

காரைச் சுற்றி வந்தவர் கூரையைத் தடவினார். "முசே, மேல இன்னா ரெண்டு ஓட்ட?" (பிரெஞ்சு வாத்தியாரை எங்கள் ஊரில் முசே என்றுதான் கூப்பிடுவார்கள்.)

மைக்செட் என்ற ஒரே சொல்லில் உண்மை முடிந்திருக்கும். ஆனால் நான், ஆசிரியர்கள் அறையில் யாராவது மாமனாரின் தொழிலைக் கேட்டால் "ஒலித்துறையில் இருந்தார்" என்று பதில் சொன்ன ஆள். என் மனைவி கஸ்தூரி அப்போது சமையலறையில் இருந்தாள். நான் குரலைத் தாழ்த்தி, "பூர் லெ த்ரப்போ" என்றேன்.

"அப்டின்னா?"

"கொடிக்காக, சேகர். கவர்னர் கொடி."

சேகர் அந்த ஓட்டையை மறுபடி தொட்டார். இந்த முறை விபூதித் தட்டைத் தொடுவதுபோலத் தொட்டார். (எந்தக் கவர்னரும் கொடியைக் கார்க் கூரையில், அதுவும் ஜோடியாக நட்டுக்கொண்டு போனதில்லை. சர்க்கஸ் கம்பெனிக்காரர்தான் அப்படிப் போவார். அது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.) விலை தானாக ஏறியது. நான் தடுக்கவில்லை. கௌரவத்துக்காகச் சொன்ன பொய் அந்த நிமிடத்தில் பணத்துக்காகச் சொன்ன பொய்யாகிவிட்டது.

இரண்டு வருடம் கழித்து, கடற்கரைச் சாலையில் பழைய கார்களின் ஊர்வலம் நடந்தது. சேகர் வீட்டுக்கே வந்து அழைத்தார். "நீங்கதான் முசே பின் சீட்ல ஒக்காரணும். கவர்னர் ஒக்காந்த எடம்."

மறுத்திருக்கலாம். கோட்டு போட்டுக்கொண்டு போனேன். கார் புதுப் பெயிண்டில் பளபளத்தது. பக்கவாட்டில் ஒரு பலகை: "பிரெஞ்சுக் கவர்னர் பயணம் செய்த கார்." நான் ஜன்னல் வழியாகக் கையசைத்தேன். நிஜமாகவே அசைத்தேன். மணிக்கட்டை மட்டும் ஆட்டி.

காந்தி சிலையைத் தாண்டியதும் ஐஸ்கிரீமோடு நின்றிருந்த ஒருவர் கத்தினார். "டேய், இது நம்ம மைக்செட் வண்டிடா!"

எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொருவர்: "ஆமாம்பா! இதும் பின்னால நோட்டீஸ் பொறுக்க ஓடி முட்டிய ஒடச்சிக்கினேனே!"

"மாணிக்கம் வண்டி!"

ஐம்பது வயதைத் தாண்டிய முகங்கள் எல்லாம் காரின் பக்கம் திரும்பின. யாரோ கையைக் குழாய்போல வாயில் வைத்து, "அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே!" என்று ஆரம்பித்தார். அடுத்தவர், "இன்று இப்படம் கடைசி!" என்றார். சாலை நெடுகச் சிரிப்பு கூடவே வந்தது. ஊர் முழுக்கக் கத்திக்கொண்டே போன ஒரு காரின் பூர்வீகத்தை அதே ஊரிடம் மறைக்கப் பார்த்த ஆள், உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். விடுதி வாசலில் அதைப் பார்த்ததெல்லாம் வெளியூர் விருந்தினர்கள் என்பதால்தான் இரண்டு வருடம் தாங்கியது. சேகர் பிறப்பதற்கு முன்பே மைக்செட் ஓய்ந்துவிட்டதால் அவருக்கு மட்டும் தெரியவில்லை.

வண்டியை ஓட்டிக்கொண்டே முன்னாலிருந்த கண்ணாடியில் அவர் என்னைத் தேடினார். "முசே, இன்னா சொல்றாங்க இவங்க?"

நான் கடலைப் பார்த்தேன். சேகர் வண்டியை ஓரம் கட்டினார். இறங்கிப் போய், அத்தனை பேர் பார்க்க அந்தப் பலகையைத் தன் கையாலேயே கழற்றினார்.

நடைபாதையில் கஸ்தூரியும் நின்றிருந்தாள். பலகையை அவள் அன்றுதான் பார்த்தாள்.  வீட்டுக்கு வந்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்: "ஏங்க, எங்கப்பா பேரச் சொன்னா வண்டி வெல போவாதா?"

அடுத்த வாரம் வக்கீல் நோட்டீஸ் வந்தது.

என் பழைய மாணவி ரேவதி இப்போது வக்கீல். கஸ்தூரியையும் கூட்டிக்கொண்டு அவளிடம் ஓடினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். "முசே, 'நல்ல வண்டி, ராசியான வண்டி'ன்னு சொல்லியிருந்தீங்கன்னா யாரும் கேக்க முடியாது. விக்கிறவங்க எல்லாரும் அப்டிதான் புகழுவாங்க. நீங்க ஆளு, கொடி, ஓட்டன்னு ஆதாரத்தோட சொல்லியிருக்கீங்களே!"

எனக்கு ஆர்வம் வந்துவிட்டது. பொய்யில் சட்டம் இப்படி ரகம் பிரிக்கும் என்று அதுவரை தெரியாது. "ரொம்பப் பெரியவங்க ஒக்காந்த கார்னு மட்டும் சொல்லியிருந்தா?" என்று கேட்டேன்.

"கேஸ் உங்க மேல முசே. பரீட்ச எனக்கு வைக்காதீங்க" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "எழுதிக் குடுக்கல இல்ல? சொல்லவே இல்லன்னு சொல்லிடலாம். அவருக்கு நிரூபிக்கிறது கஷ்டம்" என்றாள்.

பக்கத்து நாற்காலியில் கஸ்தூரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சொன்னேன்னே சொல்லிடும்மா" என்றேன். இதை என் நேர்மையில் சேர்க்க வேண்டாம். அது பயம்.

வழக்கு பதிவானதும் நீதிமன்றம் எங்களைச் சமரச மையத்துக்கு அனுப்பியது. நீள மேசை, இரு பக்கமும் நாங்கள், நடுவில் சமரசம் பேசி வைக்கும் அம்மாள். வாங்கிய பணத்தைக் கொடுத்துவிட்டுக் காரைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று நான் பெருந்தன்மையாக ஆரம்பித்தேன்.

"வண்டி வேணான்னு நான் சொல்லவே இல்லீங்க மேடம்" என்றார் சேகர். "அதுக்கு எஞ்சின்லேர்ந்து சீட்டு வரைக்கும் பாத்துப் பாத்துச் செஞ்சிருக்கேன். என் பிரச்சின வேற. வந்து தங்குன ஒவ்வொருத்தர்கிட்டயும் நான் சொன்னேன். கவர்னர் இங்க ஒக்காந்தாரு, கொடி அங்க பறந்துச்சி, அவரு நாய் ஜன்னல்ல தலைய நீட்டிக்கினு போவும்னு..."

"நாயா?" என்றேன். "நான் நாய் சொல்லலியே!"

"சொன்னீங்க."

"சத்தியமா இல்ல சேகர். கொடி என்னுது. ஒத்துக்கறேன். நாய் என்னுது இல்ல."

ரேவதி மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். நான் விடுவதாக இல்லை. என் பொய் வெளியே போய்ப் பெரிதாகியிருக்கிறது, அதுவும் வாலோடு வளர்ந்திருக்கிறது என்பதே எனக்கு விசித்திரமாக இருந்தது. அம்மாள் கண்ணாடியைக் கழற்றி, "மிஸ்டர் சேகர், நாய் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார்.

சேகர் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒரு கொழந்த கேட்டுச்சி மேடம், கவர்னர் வீட்ல நாய் உண்டான்னு. உண்டுன்னுட்டேன்." அவர் குரல் இறங்கிவிட்டது. "எங்கப்பா மில்லுல இருந்த காலத்துலயும் சரி, நான் பெட்டி தூக்குன காலத்துலயும் சரி, எங்க பேச்ச யாரும் சந்தேகப்பட்டதில்ல. இப்ப தெருவுல என்ன 'கவர்னர்'னு கூப்புட்றாங்க. பணத்த இவரு திருப்பிக் குடுத்துடுவாரு. என் பேச்ச யாரு திருப்பிக் குடுப்பாங்க?"

அதுவரை ரகம் பிரித்துக்கொண்டிருந்த எனக்கு, நான் விற்ற சரக்கு என்னவென்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு நல்ல மனிதரின் வாயில் என் பொய்யை வைத்துப் பூட்டிவிட்டு, அதற்கு விலையும் வாங்கியிருக்கிறேன்.

"அவர்தான் வந்து சொல்லணும்" என்றாள் கஸ்தூரி. அவளை யாரும் கேட்கவில்லை. "அந்த வண்டி பக்கத்துல நின்னு, இது மைக்செட் மாணிக்கம் வண்டி, நான்தான் பொய் சொன்னேன்னு சொல்லட்டும். தமிழ்லயும் சொல்லட்டும், பிரெஞ்சுலயும் சொல்லட்டும்."

இப்படிப்பட்ட ஒப்பந்தங்களில் வழக்கமாக, நடந்ததை யாரும் வெளியே சொல்லக் கூடாது என்று ஒரு பிரிவு இருக்குமாம். எங்களுடையதில், வெளியே சொல்லியே ஆக வேண்டும் என்று எழுதினார்கள். அதிகமாக வாங்கிய பணத்தை நான் திருப்பித் தர வேண்டும். ஒரு வருடம் ஞாயிறுதோறும் விடுதி வாசலில் நின்று காரின் உண்மை வரலாற்றைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும். நாயைச் சேகர் கைவிட வேண்டும். ரேவதி அதைப் படித்துக் காட்டும்போது சிரிப்பை அடக்கி அடக்கி அவள் கண்ணில் நீர் வந்துவிட்டது.

முதல் ஞாயிறு. வாசலில் காபியோடு ஏழெட்டு விருந்தினர்கள். கஸ்தூரி பரணிலிருந்து இறக்கிக் கொடுத்த குழாய்கள் கூரையில் பழைய இடத்திலேயே பூட்டப்பட்டிருந்தன. நான் தொண்டையைச் செருமி, உண்மையைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதி வரை நன்றாகத்தான் போனது. ஒரு பிரெஞ்சு அம்மாள் ஆர்வமாக முன்னால் சாய்ந்தாள். அவ்வளவுதான், "என் மாமனார் குரல் காரைக்கால் வரைக்கும் கேட்கும்" என்றுவிட்டேன்.

"முசே! ஒப்பந்தம்!" என்று உள்ளேயிருந்து சேகர் கத்தினார்.

"நாலு தெரு வரைக்கும் கேட்கும்" என்று திருத்தினேன்.

எல்லோருக்கும் உண்மை பிடித்துவிட்டது என்று எழுத ஆசைதான். ஆனால் கூட்டாமல் சொல்ல வேண்டுமே. சிலர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தப் பிரெஞ்சு அம்மாள், கவர்னர் இருந்திருந்தால் படம் எடுத்து ஊருக்கு அனுப்பியிருப்பேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். ஒரு முறை கனகசெட்டிக்குளத்திலிருந்து வந்த ஒரு பெரியவர், என் மாமனார் பேரைச் சொல்லிக் காரைக் கும்பிட்டார். அன்றைக்குக் கஸ்தூரியும் கூட வந்திருந்தாள். திரும்பும் வழியில், பல மாதத்துக்குப் பிறகு, தானாகவே என்னோடு பேச்சுக் கொடுத்தாள்.

ஒரு வருடம் முடிந்தது. கடைசி ஞாயிறு சேகர் எனக்கும் காபி கொண்டுவந்து கொடுத்து, பக்கத்திலேயே உட்கார்ந்தார். தெருவில் அவரை இப்போது "மைக்செட்" என்று கூப்பிடுகிறார்களாம். அதில் அவருக்கு வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை. எனக்குத் துணிச்சல் வந்தது.

"சேகர், என்ன மன்னிச்சிட்டீங்களா?"

அவர் காபியை ஆற்றிக்கொண்டே கொஞ்சம் யோசித்தார். "அது ஒப்பந்தத்துல இல்ல முசே" என்றார்.

வீட்டுக்கு வந்து கஸ்தூரியிடம் சொன்னேன். சொன்னது தப்பு. அதற்கப்புறம் நான் இரண்டாவது காபி கேட்டாலும் சரி, மகள் வீட்டில் கூடுதலாக ஒரு துண்டு மீன் கேட்டாலும் சரி, மருமகன் முதற்கொண்டு எல்லோரும் ஒரே குரலில் அந்த வரியைத்தான் சொல்கிறார்கள். நானும் இன்னமும் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வாசலுக்குப் போய் நிற்கிறேன். அதுவும் ஒப்பந்தத்தில் இல்லை.