பதினாலு சாண் அலமாரி

"ஞாயித்துக்கிழமை ஓனரம்மா வர்றாங்களாம். உங்க ரூமை ஒரு தடவை பார்க்கணுமாம்."

மனைவி இதைச் சொன்னதும், முகமூடிக்காரர் கையிலிருந்த கழுதைக்கு ஒரு காது பிய்ந்துவிட்டது.

"எதுக்காம்?"

"எனக்கென்ன தெரியும்? போன் போட்டுக் கேளுங்க."

"கேட்டா உண்மையைச் சொல்லிடுவாளாக்கும்! காலி பண்ணச் சொல்லத்தான் வர்றா. ரூமைக் குப்பையா வெச்சிருக்கேன்னு அவளுக்கு ஒரு சாக்கு வேணும்."

நாடகக்காரர்களுக்குக் காகிதக்கூழில் முகமூடி செய்வது அவர் தொழில். அதற்காக வீட்டுக்கு வெளியே வாடகைக்கு எடுத்திருந்த அறையோ தீப்பெட்டி. தரையெல்லாம் ராஜாக்கள், ஜன்னலெல்லாம் புலிகள், நாற்காலியில் ஒரு யானை. அவர் உட்கார வேண்டுமென்றால் யானை எழுந்திருக்க வேண்டும். ஆனாலும் அது போய்விட்டால், அந்த வாடகைக்கு இன்னொரு தீப்பெட்டி கிடைக்காது.

சுவர் நீளத்துக்கு ஓர் அலமாரி அடித்துவிட்டால் எல்லாத் தலைகளும் மேலே ஏறிவிடும் என்று தச்சனைக் கூப்பிட்டார். தச்சன் டேப்பை இழுத்ததும் இவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. டேப் அவனுடையது. படிக்கிறவனும் அவனே. எதை வேண்டுமானாலும் சொல்லலாம்.

"அதை உள்ளே வை. நான் அளக்கறேன்" என்று தன் கையாலேயே சுவரைச் சாண் போட்டார். "பதினாலு சாண். ஒரு விரக்கடை கூடக் குறையக் கூடாது, ஆமா."

"சரிண்ணே" என்று தச்சன் தலையாட்டிவிட்டுப் போனான்.

அலமாரி வந்தது. சுவருக்கு அடங்கவில்லை.

"டேய், என்னடா இது?"

"நீங்க சொன்ன பதினாலு சாண்தாண்ணே" என்று தச்சன் முறம் மாதிரி இருந்த தன் கையை விரித்துக் காட்டினான்.

"என் சாண்டா அது!"

"உங்க கையைக் கழட்டிக் குடுத்திருந்தா அதை வெச்சே அளந்திருப்பேன். சரி விடுங்க, கொஞ்சம் அறுத்துடறேன்."

"அறுத்த துண்டை நீ அமுக்கிட்டுப் போறதுக்கா? ஒண்ணும் வேணாம், போ!"

அலமாரியை அறைக்குள் மூலைக்கு மூலை குறுக்கே நிறுத்தினார். தலைகள் எல்லாம் ஏறிக்கொண்டன. ஆனால் மேசை அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. கீழ்த்தட்டுக்கு அடியில் தவழ்ந்துதான் வேலைக்குப் போக வேண்டியிருந்தது. கதவும் பாதிக்கு மேல் திறக்கவில்லை. கதவுதானே தடை என்று அதைக் கழற்றிச் சுவரில் சாய்த்தார். கதவில்லாத வாசலில் ஒரு தெருநாய் எட்டிப் பார்த்தது. பசை வாசம் பிடித்திருக்க வேண்டும். கழுதைக்கு மிச்சமிருந்த காதையும் கவ்விக்கொண்டு ஓடிற்று.

சனிக்கிழமை அவருக்கு வேறு வழி தெரியவில்லை. கதவை மாட்டினார். வண்டி வைத்து அலமாரி, தலைகள், கூழ்ப் பானைகள் எல்லாவற்றையும் வீட்டுக்கே கொண்டுவந்து இறக்கினார்.

"உங்க ஒரு மூஞ்சியைப் பார்த்துக்கிட்டுக் குடும்பம் நடத்தறதே பெரிய பாடு" என்றாள் மனைவி. "இதுல இத்தனை மூஞ்சியா?"

"ஒரே ஒரு நாள். அவ வந்து பார்த்துட்டுப் போகட்டும்."

"ஒரு போன் போட்டிருந்தா இத்தனை கூத்தும் வேணாம்."

"போன்ல தேன் மாதிரிதான் பேசுவா. உனக்கு ஊர் உலகம் தெரியாது."

அலமாரி இங்கும் எந்தச் சுவருக்கும் அடங்கவில்லை. படுக்கப் போட்டார்கள். அடுப்படியில் சட்டிகளுக்கு நடுவே புலி உறுமியது. கண் மங்கிய மாமியார், எதிரே இருந்த ராஜாவிடம் நெடுநேரம் குடும்பக் கதை பேசிவிட்டு மகளைக் கூப்பிட்டாள்.

"யாருடி இவரு? உன் புருஷன் மாதிரி இல்லே. குறுக்கே பேசாம கேக்கறாரு."

ஞாயிற்றுக்கிழமை காலையில் அறை துடைத்த பாத்திரம் போல் இருந்தது. ஒரு மேசை, ஒரு நாற்காலி, மேசைமேல் ஒரே ஒரு முகமூடி. அவ்வளவுதான். ஓனரம்மா உள்ளே வந்து நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"அடேயப்பா! நம்ம ரூமா இது?"

"வைக்கிற விதத்துல வெச்சா இடம் தானா வருதும்மா."

"இடம் பத்துதா உங்களுக்கு? கஷ்டம்னா மறைக்காம சொல்லுங்க."

இதோ வைத்துவிட்டாள் கண்ணி என்று முகமூடிக்காரருக்குப் பட்டது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"கஷ்டமா? ஏகப்பட்ட இடம்மா! இன்னும் நாலு பேர் உட்கார்ந்து வேலை செய்யலாம். நான் சாகிறவரைக்கும் இந்த ரூம் போதும் எனக்கு."

ஓனரம்மா நிம்மதியாக மூச்சு விட்டாள்.

"நல்லவேளை கேட்டேன்! இடுக்குல கஷ்டப்படறீங்களேன்னு மாடியில இருக்கிற பெரிய ஹாலை இதே வாடகைக்கு உங்களுக்குத் தந்துடலாம்னு சாவியோட வந்தேன். இனிமே அதை ட்ரம்ஸ் அடிக்கப் பழகற என் தங்கச்சி பையனுக்கே குடுத்துடறேன்."