ஆடாதை அண்ணை இரவல் கொடுத்த பெட்டிக் கமரா

ஊர்காவற்றுறையில் ஆடாதை அண்ணையைப்போல ஒரு கெட்டிக்காரன் பிறந்ததில்லை. என் வயிற்றெரிச்சலை அவரைப்போலக் கிளப்பியவனும் பிறந்ததில்லை.

ஜெற்றி வீதியில் எதிரெதிரே நாங்கள் படம் எடுக்கும் கமராக் கடைகள். என் கடையில் கொழும்பிலிருந்து வந்த திரை, மெத்தைக் கதிரை, கண்ணாடி அலுமாரி. அவர் கடையில் ஆட்களை இருத்த ஒரு மரவாங்கும் அவருடைய தொண்டையும். படத்துக்கு இருப்பவரைப் பார்த்து "ஆடாதை!" என்று அவர் கத்தினால் வீதியில் போகிற மாட்டுவண்டியும் நின்றுவிடும். அதுவே அவருக்குப் பெயராயிற்று. சனமோ அந்த ஏச்சை வாங்கத்தான் முண்டியடித்தது. என் திரையைப் பார்க்க ஈ, இலையான்தான் வந்தது.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளின் நடுவில், தெற்கே கடை வைத்திருந்த ஊரவர்கள் திருவிழாவுக்கு யாரும் கையில் பிடித்துப் படம் எடுக்கக்கூடிய பெட்டிக் கமரா ஆளுக்கொன்றோடு வந்திறங்கினார்கள். இனி எங்களிடம் யார் வருவார்? நான் வாசலில் நின்று அந்தப் பெட்டிகளைத் திட்டித் தீர்த்தேன். ஆடாதை அண்ணை என்ன செய்தார் தெரியுமா? தானும் ஒன்று வாங்கி, கேட்டவர்களுக்கெல்லாம் சும்மா இரவல் கொடுத்தார்!

"அண்ணை, உங்களுக்கென்ன விசரே?"

"பொறும் தம்பி. எடுத்த பிலிமைக் கழுவ என்னட்டைத்தானே வரவேணும்."

வந்தார்கள். கழுவிப் பார்த்தால் மாப்பிள்ளைக்குத் தலையில்லை, மாமியாருக்கு இரண்டு தலை, தேர் இருக்கவேண்டிய இடத்தில் எடுத்தவரின் பெருவிரல். "ஐயோ, கழுத்தோடை வெட்டிப்போட்டீரே!" என்று அண்ணை வீதிக்கே கேட்க ஒப்பாரி வைப்பார். வெட்கப்பட்ட குடும்பம் ஒழுங்கான படத்துக்காக அப்படியே அவருடைய வாங்கில் போய் இருக்கும்.

இந்த மூளை எனக்கேன் வரவில்லை என்று வெந்து செத்தேன். கடைசியில் கடையை மூடுவதென்று தீர்மானித்து, கமராவை விற்க ஆளும் பேசிவிட்டேன். வாங்குபவர் வரவிருந்த அன்று காலை ஆடாதை அண்ணை சால்வையும் போட்டு, மனைவியோடு உள்ளே நுழைந்தார்.

"கமராவைப் பாக்க வந்தனீங்களோ?" என்று சீறினேன்.

"அதுக்கு முன்னாலை இருக்க வந்தனாங்கள். எங்களைப் படம் எடும்."

"உங்கடை கடைக்கு என்ன வந்தது?"

"நானே இருந்து நானே எடுக்க ஏலுமே? ஊரிலை வேறை ஆரை நம்பி என்ரை தலையைக் குடுக்கிறது?"

வாசலில் சனம் குவிந்தது. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன். அந்த மனுஷன் மூச்சுக்கூட விடவில்லை. வாயில் வந்த "ஆடாதை"யை விழுங்கிக்கொண்டு எடுத்தேன்.

அடுத்த கிழமை என் கடையிலும் ஆள். "ஆடாதை அண்ணை இருந்த கதிரையிலை எங்களையும் இருத்தும்" என்று கேட்டு வந்தார்கள். பாருங்கள், எனக்கு வந்த சனமும் அவருடைய சனம்தான்! பொறாமையில் பல்லைக் கடித்துக்கொண்டே எடுத்தேன், கமராவை விற்கவில்லை.

எனக்குப் போட்டியாக அவர் வாய்த்தார். பாவம், அவருக்கு நான்தான் வாய்த்தேன்.