மருதாணி வைத்த காலும் சேலத்து டாக்டரும்

ஜலகண்டாபுரம்,
14-3-1982

மரியாதைக்குரிய மச்சான் சுவாமிநாதன் அவர்களுக்கு, உங்கள் தங்கை முத்தாயம்மாளைக் கட்டிக்கொண்ட தண்டாயுதபாணி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. நலம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் நான் நலமா இல்லையா என்பதைச் சேலத்து டாக்டர் இன்னும் சொல்லவில்லை. ஆகவே அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். மற்றபடி உங்கள் தங்கை நலம், சாயப்பட்டறை நலம், எருமை நலம். குமாரபாளையத்தில் நீங்களும் அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

விஷயம் இதுதான். என் இடது உள்ளங்காலில் குதிகாலுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கிறது. ரொம்ப நாளாக அதைச் சாயம் என்றே நினைத்திருந்தேன். சாயத் தொட்டி ஓரம் வெறுங்காலோடு நிற்கிறவன் காலில் கறுப்பு இருப்பது ஒரு அதிசயமா? ஆனால் நீலம் வந்து நீலம் போனது, சிவப்பு வந்து சிவப்பு போனது, இது மட்டும் போகவில்லை, கொஞ்சம் அகலமாகவும் ஆகிவிட்டது. காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொள்ளப் போன இடத்தில் நம்மூர் டாக்டர் அதைப் பார்த்துவிட்டார். "ஒண்ணுமில்லாமயும் இருக்கலாமுங்க, தோல்ல வர்ற புத்துநோயாவும் இருக்கலாமுங்க. சேலத்துத் தோல் டாக்டருக்கு எழுதித் தாரேன். சீக்கிரம் பார்த்தா வெட்டி எடுத்துரலாம், தள்ளிப்போட்டாத்தான் வம்பு" என்றார். அத்தோடு விட்டிருக்கலாம். "தலையிலிருந்து கால் வரைக்கும் பார்ப்பாரு. சாயம் கீயம் இல்லாம சுத்தமா கழுவிட்டுப் போங்க, எதையும் பூசாதீங்க" என்றும் சொல்லி அனுப்பினார். சனி அங்கேதான் புகுந்தது.

என் உடம்பில் என்னென்ன நிறம் இருந்தது என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. நகமெல்லாம் நீலம், முழங்கைக்கு மேலே பச்சை, காதுமடலில் எப்படியோ ஒரு மஞ்சள். சோப்புக்கு மசியவில்லை, மண்ணெண்ணெய்க்கும் மசியவில்லை. பட்டறையில் எனக்குக் கைக்கு உதவியாக இருக்கும் காத்தான் வந்து, "மொதலாளி, தப்பா சாயம் ஏறின நூலை நாம எப்படி வெளுக்கறோமுங்க? அதேதானுங்க" என்று பிளீச்சிங் பவுடரைக் கரைத்துக்கொண்டு வந்தான். நல்லவன்தான், எஜமான விசுவாசம் உள்ளவன், ஆனால் நூலுக்கும் மொதலாளிக்கும் வித்தியாசம் தெரியாதவன். பச்சை போகவில்லை, பச்சைக்கு அடியில் இருந்த தோல் போய்விட்டது. நான் குதித்த குதியில் அலசி வைத்திருந்த நூலெல்லாம் தரையில் விழுந்து மண்ணாகி, அதை மறுபடி அலசும்படி ஆயிற்று.

அடுத்தது உங்கள் தங்கையின் முறை. "சட்டையைக் கழட்டச் சொல்வாங்களாமா, ஓட்டைப் பனியனோட போய் நின்னீங்கன்னா எங்க அண்ணன் மானமல்ல போவும்?" என்று சொல்லி, செவ்வாய்ப்பேட்டையிலிருந்து புதுப் பனியன் வாங்கிவரச் செய்தாள். என் பனியனில் உங்கள் மானம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கேட்டேன். நனைத்துப் போடாத புதுப் பனியன், மச்சான். கஞ்சி பிடித்து விறைத்து நின்றது. போட்ட கொஞ்ச நேரத்தில் மார்பும் முதுகும் தடித்து, சொறிந்து சொறிந்து கை ஓய்ந்தது.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது மருதாணி. "எத்தனை பெரிய படிப்புப் படிச்ச மனுசர், உங்க காலைக் கையில புடிச்சுப் பார்க்கப் போறாரு. இப்படி வெடிச்சுக் கெடக்கற காலையா நீட்டுவீங்க?" என்று உங்கள் தங்கை கேட்டாள். டாக்டர் எதையும் பூசக் கூடாது என்றாரே என்று நான் எடுத்துச் சொன்னேன். மருந்தைத்தான் பூசக் கூடாது, மருதாணி வெடிப்புக்கு நல்லது என்றாள். நான் மறுத்துவிட்டுப் படுத்துத் தூங்கிவிட்டேன். விடிந்து பார்த்தால் கணுக்கால் வரை கல்யாணப் பெண்ணின் கால்! உள்ளங்கால் முழுவதும் கருஞ்சிவப்பு. புள்ளியைக் காணோம்.

காலைக் கறைபடாமல் கொண்டுபோக வேண்டும் என்று காலுறை ஒன்றையும் மாட்டிவிட்டாள். செருப்பின் கட்டைவிரல் வளையத்துக்குள் காலுறை நுழைய மறுத்ததால், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு காலுறையோடு உங்கள் தங்கையுடன் பஸ் ஏறினேன். ஏறினவர் இறங்கினவர் எல்லாரும் அந்தக் காலைத்தான் மிதித்தார்கள்.

டாக்டர் தங்கமான மனிதர். காது, கழுத்து, விரல் இடுக்கு என்று விளக்கைப் பிடித்துப் பொறுமையாகப் பார்த்தார். "நகத்துல என்ன?" என்றார். "நீலமுங்க, சேலை ஆர்டருங்க" என்றேன். "கையில ஏன் தோல் உரிஞ்சிருக்கு?" "பிளீச்சிங் பவுடருங்க." "முதுகு தடிப்பு எப்போ வந்தது?" "நேத்துங்க, பனியன் போட்டதுமுங்க." அதுவரை எழுதிக்கொண்டு வந்தவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். கடைசியில் காலுறையைக் கழற்றினேன். ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். "நான் பார்க்க வேண்டிய புள்ளி எங்கேங்க?" என்றார். நான் குதிகாலைக் காட்டினேன், உங்கள் தங்கை அதற்கு மேலே காட்டினாள், நான் இல்லை என்றேன், அவள் ஆமாம் என்றாள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "நிறம் என்னன்னு தெரியணும், ஓரம் எப்படிப் போகுதுன்னு தெரியணும். இதுல நான் எதைப் பார்க்கறது?" என்று நொந்துகொண்டார். மருதாணி போக மூன்று வாரம் தவணை கொடுத்து, வருகிற வெள்ளிக்கிழமை கட்டாயம் வரச் சொன்னார், இனி தள்ளக் கூடாது என்பதை உங்கள் தங்கையைப் பார்த்து அழுத்திச் சொன்னார். திரும்பி வரும்போது அவள் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். செய்த காரியத்துக்கு வெட்கப்பட்டிருப்பாள்.

ஆகவே மச்சான், அண்ணன் என்ற முறையில் நீங்கள் நாலு வரி எழுதி அவளைக் கண்டிக்க வேண்டும். டாக்டருக்குப் போகிறவன் காலில் கைவைக்கக் கூடாது என்று தெளிவாக எழுதுங்கள். எனக்காக நீங்கள் கவலைப்பட்டுப் புறப்பட்டு வர வேண்டாம். எனக்குப் பயம் துளியும் கிடையாது. வெட்டினால் வெட்டட்டும், ஒரு சின்னப் புள்ளிதானே. பயப்படுகிற ஆள் நான் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் நானே தனியாகப் போய்க் காட்டிவிட்டு வருவேன்.

அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டுத் தறிகள் நிற்காமல் ஓடவும், பிள்ளைகள் நூறாண்டு இருக்கவும் அம்மனை வேண்டிக்கொள்ளும்,

தங்கள் மைத்துனன்,
தண்டாயுதபாணி

பின்குறிப்பு: அண்ணா, முத்தாயி எழுதறேன். தபால்ல போடச் சொல்லிக் கொடுத்தாரு, ஒட்டறதுக்கு முந்திப் படிச்சுட்டேன். பனியன் நெசம். மருதாணி பொய். பெரிய மனுசர் காலைத் தொடுவாருன்னு சொன்னது அவருதான். எதையும் பூசக் கூடாதுன்னாங்களேன்னு சொன்னது நான். அன்னிக்கு ராத்திரி அவரு கண்ணை மூடவே இல்லைங்ண்ணா. "அரைச்சுப் பூசு முத்தாயி, இன்னும் கொஞ்ச நாள் தெரியாமயே இருந்துட்டுப் போறேன்"னாரு. அவரு மூஞ்சியைப் பார்த்து என்னால மாட்டேன்னு சொல்ல முடியலை, அரைச்சுட்டேன். இப்ப மருதாணி போயிருச்சு, புள்ளி அப்படியே இருக்குது. இன்னிக்குக் காலையில எந்திரிச்சுப் பார்த்தா, அம்மி மேல ஒரு முறம் மருதாணி எலை பறிச்சு வெச்சிருக்காரு. அள்ளிக் கொண்டுபோய்க் குப்பைமேட்டுல கொட்டிட்டேன். எனக்குப் பயமா இருக்குதுங்ண்ணா. வியாழக்கிழமையே எங்க ஊட்டுக்கு வந்துருங்க. நான் கூப்பிட்டா வரமாட்டாரு, நீங்க கூப்பிட்டா எந்திரிச்சு வருவாரு. எதுக்கு வந்தீங்கன்னு கேட்டாருன்னா, நூல் வாங்க வந்தேன்னு சொல்லுங்க.